கட்டளை எந்தப் படியில் நின்றது? பழைய புரட்சிகளை வாசிக்க ஒரு வழி

1917 ஜனவரி 22 அன்று சூரிச் நகரில், இளம் தொழிலாளர்கள் கூடியிருந்த ஓர் அரங்கில் லெனின் பேசினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் எழுந்து அடங்கிப்போன 1905 புரட்சியைப் பற்றிய பேச்சு அது. முடிக்கும்போது, வரப்போகும் புரட்சியின் பெரிய போர்களைப் பார்க்க எங்களைப் போன்ற மூத்தவர்கள் உயிரோடு இருப்போமோ என்னவோ, உங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும் என்கிற பொருளில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 46. ஏழு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 8 அன்று ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 15 அன்று ஜார் முடிதுறந்தார்.

புரட்சியைத் தவிர வேறு நினைப்பில்லாமல் வாழ்ந்த ஒருவருக்கே இந்த நிலைமை. எதிர்த்தரப்பும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. ஈரான் புரட்சிச் சூழலில் இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில்கூட இல்லை என்று 1978 ஆகஸ்டில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ மதிப்பிட்டது. ஐந்து மாதத்தில், 1979 ஜனவரி 16 அன்று, ஈரான் மன்னர் ஷா விமானம் ஏறிவிட்டார்.

சரி, இப்படி எல்லோருமே கோட்டை விடுகிற விஷயத்தைப் படித்து என்ன பயன் என்று கேட்கலாம். அடுத்த புரட்சி எந்த நாட்டில், எந்த மாதம் என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறோம் என்றால் பயனே இல்லை. ஆனால் ஒரு நாடு கொந்தளிக்கத் தொடங்கியபின் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பழைய புரட்சிகளைப்போல் வேறெதுவும் சொல்லித் தருவதில்லை. பெரும்பாலும் நாம் தப்பான பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செய்திப் படங்களில் தெரிவது சதுக்கத்தில் நிறைந்த கூட்டம். ஆட்சி விழுவதும் நிற்பதும் பெரும்பாலும் அந்தப் படத்துக்கு வெளியே முடிவாகிறது.

பசி மட்டும் போதாது

மக்கள் ஏன் எழுந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சுலபமாகக் கிடைக்கும். பசி, வரி, ஊழல், அவமானம். இதில் எதுவும் பொய்யில்லை. சிக்கல் என்னவென்றால், புரட்சி நடக்காத ஆண்டுகளுக்கும் இதே பட்டியல் அப்படியே பொருந்தும்.

பிரான்ஸையே எடுத்துக்கொள்வோம். 1693–94 பஞ்சத்தில் அங்கே பத்து லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1709இன் கொடுங்குளிர் இன்னும் பல லட்சம் உயிர்களை வாங்கியது. பதினான்காம் லூயியின் அரியணை அசையவில்லை. 1788இல் விளைச்சல் கெட்டதும், 1789 ஜூலை நடுவில் பாரிஸில் ரொட்டி விலை உச்சத்தில் நின்றதும் உண்மைதான். ஆனால் அந்தப் பஞ்சங்களோடு ஒப்பிட்டால் இது சின்னப் பசி. வேறுபாடு கஜானாவில் இருந்தது. அரசின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி பழைய கடனுக்கு வட்டி கட்டவே போய்க்கொண்டிருந்தது. புது வரி போடப் பிரபுக்களும் ஒத்துக்கொள்ளவில்லை, உயர் நீதிமன்றங்களும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல், 1614க்குப் பிறகு கூடியே இராத, குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்புகளின் சபையைப் பதினாறாம் லூயி 1789 மே மாதம் கூட்டினார். மேல்தட்டுக்குள் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்காத நிலை வந்த பிறகுதான் கீழே இருந்தவர்களின் பசிக்கு அரசியல் வலு வந்தது.

அந்தச் சபைக்காக நாடு முழுவதும் ஊர் ஊராகக் குறை மனுக்கள் எழுதி அனுப்பினார்கள். அவற்றில் உப்பு வரி பற்றிய புலம்பல் உண்டு; பிரபுக்களின் வேட்டை உரிமையால் பயிர் அழிவதைப் பற்றிய கோபம் உண்டு. மன்னராட்சியே வேண்டாம் என்று கேட்ட மனுவைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். மூன்றே ஆண்டில், 1792 செப்டம்பரில், மன்னராட்சி ஒழிக்கப்பட்டது. மக்கள் எதைக் கேட்டு வீதிக்கு வந்தார்களோ அதுவே கடைசிவரை அவர்கள் கேட்கிற பொருளாக இருப்பதில்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 2024 வங்கதேசத்தைப் பாருங்கள். மாணவர்கள் முதலில் கேட்டது அரசு வேலை இடஒதுக்கீட்டில் மாற்றம், அவ்வளவுதான். விடுதலைப் போராளிகளின் குடும்பங்களுக்கான 30 சதவீத ஒதுக்கீட்டை ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் 5 சதவீதமாகக் குறைத்தது. கேட்டது கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டிருந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் இதே தீர்ப்பு வந்திருந்தால் மாணவர்கள் கைதட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஜூலை 21இல் அது ஏற்கெனவே முடிந்துபோன ஒரு கேள்விக்கான பதில். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார்.

சலுகையின் மதிப்பு அது வரும் நாளைப் பொறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் இதன் இன்னொரு முகத்தைச் சொன்னார்: மோசமான அரசுக்கு மிக ஆபத்தான நேரம், அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் நேரம். 1977இல் பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்த ஷாவுக்கும், 1985க்குப் பிறகு சீர்திருத்தத்தில் இறங்கிய கோர்பச்சேவுக்கும் இது பொருந்திப்போகிறது. திருத்தத்தில் இறங்கிப் பிழைத்துக்கொண்ட அரசுகளும் வரலாற்றில் ஏராளம் என்பதால் இதை விதியாகத் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை.

ஏன் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பதற்குத் திமூர் குரான் என்ற பொருளியலாளர் நல்ல விளக்கம் தந்தார். சர்வாதிகாரத்தில் மனிதர்கள் மனதில் ஒன்றை வைத்து வெளியில் ஒன்றைக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் நினைப்பது அவருக்கும் தெரியாது. ஒரு நாள் கொஞ்சம் பேர் முகமூடியைக் கழற்றினால், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் கழற்றுகிறார்கள். 1989 டிசம்பர் 21 அன்று புக்கரெஸ்டில், தனக்கு ஆதரவாகத் திரட்டப்பட்ட கூட்டத்தின் முன்னால்தான் ருமேனிய அதிபர் சௌசெஸ்கு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் கூச்சல் கிளம்பியது. மாடத்தில் நின்ற அவர் முகம் குழம்பிப்போவது நேரடி ஒளிபரப்பில் தெரிந்தது. நான்கு நாளில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுக்கு மேல் கைதட்டி வந்த நாட்டில் உள்ளுக்குள் யார் என்ன நினைத்தார்கள் என்பது அவரது ரகசியப் போலீசுக்கே தெரியாதபோது வெளியிலிருந்து கணிப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

கட்டளை இறங்கும் ஏணி

எந்த அரசும் ஓர் ஏணிதான். மேலே ஒருவர் கட்டளையிடுகிறார், அது தளபதி, அதிகாரி, சார்ஜென்ட் என்று இறங்கிக் கடைசியில் ஒரு சிப்பாயின் விரலில் வந்து முடிகிறது. அல்லது ஓர் எழுத்தரின் பேனாவில், எண்ணெய்க் குழாயின் திருகைப் பிடித்திருக்கும் தொழிலாளியின் கையில். ஆட்சி விழும் நாளில் இந்த ஏணியில் எங்கோ ஒரு படியில் கட்டளை நின்றுபோகிறது. எந்தப் படியில் நின்றது என்பது ஆட்சி விழுவதை மட்டுமல்ல, அதற்குப் பின் வருவதையும் பெருமளவு தீர்மானிக்கிறது. பழைய புரட்சிகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பெட்ரோகிராடில் அது ஆகக் கீழ்ப்படியில் நின்றது. 1917 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, வொலின்ஸ்கி படைப்பிரிவின் சிப்பாய்கள் கட்டளைக்குப் பணிந்து கூட்டத்தைச் சுட்டார்கள். பலர் செத்தார்கள். அன்று இரவு படைவீட்டில் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. சார்ஜென்ட் கிர்பிச்னிகோவும் கூட்டாளிகளும் பேசிப் பேசி, இனிச் சுடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் காலையில் வந்த கேப்டனிடம் மறுப்பைச் சொன்னார்கள்; அவர் திரும்பிப் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். அன்று மாலைக்குள் பல பத்தாயிரம் சிப்பாய்கள் எழுச்சியின் பக்கம் இருந்தார்கள். தளபதிகளிடம் கட்டளை இருந்தது, அதை வாங்க ஆள் இல்லை. இப்படி அடியிலிருந்து உதிர்ந்த ராணுவத்தை மறுபடி யாராலும் ஒட்டவைக்க முடியவில்லை. ஜாருக்குப் பின் வந்த இடைக்கால அரசு எட்டு மாதம் தள்ளாடியதற்கும் அக்டோபர் புரட்சியில் (புதிய நாள்காட்டியில் நவம்பர்) அதைக் காக்க அதிகம் பேர் வராததற்கும் வேர் அந்த இரவில் இருக்கிறது.

கெய்ரோவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2011 ஜனவரி 25 தொடங்கி 18 நாள் தஹ்ரீர் சதுக்கத்தில் லட்சக்கணக்கான மக்கள் நின்றார்கள். “ராணுவமும் மக்களும் ஒரே கை” என்று முழங்கினார்கள். பிப்ரவரி 10 அன்று ராணுவ உச்சக் குழு அதிபர் முபாரக் இல்லாமலேயே கூடியது. மறுநாள் அவர் போய்விட்டார். ஏணியில் கட்டளை ஆக மேல்படியில், தளபதிகளிடம் நின்றது. அதற்குக் கீழே ஏணி ஒரு கீறலும் படாமல் அப்படியே இருந்தது. தளபதிகள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள் என்பதைவிட, ஏணியைக் காப்பாற்ற உச்சியில் இருந்தவரைக் கழற்றிவிட்டார்கள் என்பது சரியாக இருக்கும். இரண்டரை ஆண்டுக்குள், 2013 ஜூலை 3 அன்று, தேர்தலில் வென்ற மோர்சியை அதே ராணுவம் தூக்கியெறிந்தது. ஆகஸ்டில் அவரது ஆதரவாளர்கள் கூடியிருந்த ராபா சதுக்கத்தில் பாதுகாப்புப் படைகள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றன. கட்டளை மேலிருந்து கடைசிச் சிப்பாய்வரை சிக்கலில்லாமல் இறங்கியது.

நடுப்படியில் நின்ற கதையும் உண்டு. 1974 ஏப்ரல் 25, போர்ச்சுகல். ஆப்பிரிக்கக் காலனிகளில் பதின்மூன்று ஆண்டுகளாக முடிவில்லாத போர். அதில் செத்துக்கொண்டிருந்தவர்களும் சலித்துப்போனவர்களும் கேப்டன் நிலை அதிகாரிகள். அவர்களே திட்டமிட்டு ஒரே நாளில் ஐரோப்பாவின் மிகப் பழைய சர்வாதிகாரங்களில் ஒன்றைச் சாய்த்தார்கள். துப்பாக்கிக் குழலில் மக்கள் செருகிய கார்னேஷன் பூக்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சரியாக ஓராண்டு கழித்து நடந்த அரசியலமைப்புச் சபைத் தேர்தலில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாக்களித்தார்கள். இடையில் குழப்பமும் கலக முயற்சிகளும் இருந்தன. ஆனால் தங்கள் தளபதிகளையே கவிழ்த்த அதிகாரிகளுக்குப் பழைய ஏணியைக் கட்டிக் காக்கும் அவசியம் இருக்கவில்லை.

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரியில் இரண்டு படிகளில் நின்றது. தேர்தல் வாக்குகளைக் கணினியில் கூட்டிக்கொண்டிருந்த ஊழியர்கள் முப்பது சொச்சம் பேர், தாங்கள் பார்க்கும் எண்ணும் அறிவிக்கப்படும் எண்ணும் வேறாக இருப்பதைக் கண்டு எழுந்து வெளியேறினார்கள். இந்தப் புரட்சியில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். அதிபர் மார்க்கோஸ் முடிந்தார் என்பதற்கு எட்சா சாலையின் கூட்டத்தைவிட அது முந்திய அடையாளம். இரண்டு வாரம் கழித்து உச்சியில் பிளவு வந்தது. பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் துணைத் தளபதி ராமோஸும் கட்சி மாறினார்கள். தேர்தலில் மார்க்கோஸை எதிர்த்து நின்ற கொரசோன் அக்கினோ அதிபரானார். அப்புறம் அவர் சந்தித்த ராணுவக் கலக முயற்சிகளை எண்ணவே ஒரு பட்டியல் வேண்டும். மேலிருந்து வந்து சேர்ந்தவர்கள் தாங்கள் கொடுத்ததற்குப் பங்கு கேட்டார்கள்.

ஈரானில் பல படிகளில் ஒரே சமயத்தில். 1978 இலையுதிர்காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் அரசின் வருமானத்தையே அடைத்தது. ஆண்டு முடிவதற்குள் ஏற்றுமதி நின்றுபோனது. கட்டாயச் சேவையில் இருந்த சிப்பாய்கள் படைவீட்டைவிட்டு நழுவிக்கொண்டிருந்தார்கள். 1979 பிப்ரவரி 9 அன்று விமானப்படைத் தொழில்நுட்பர்கள் கலகம் செய்தார்கள். 11ஆம் தேதி தளபதிகள் நடுநிலை என்று அறிவித்துக் கையை உயர்த்தினார்கள். இதைக் கிட்டத்தில் இருந்து பார்த்த கொமேனி தரப்பு மறக்காமல் ஒரு காரியம் செய்தது. மூன்று மாதத்துக்குள் வழக்கமான ராணுவத்துக்கு வெளியே புரட்சிக் காவலர் படை என்ற இரண்டாவது ஆயுதப் படையை உருவாக்கியது. தான் ஏறிவந்த வழியில் இன்னொருவர் ஏறிவிடக் கூடாது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

இப்போது 2022 இலங்கை. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசை. ஜூலை 9 அன்று மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்த காட்சியை உலகமே பார்த்தது. கோத்தபய ராஜபக்ச விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குப் பறந்து, ஜூலை 14 அன்று பதவி விலகினார். ஏணிக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. நாடாளுமன்றம் அப்படியே இருந்தது, ராணுவம் அப்படியே இருந்தது. ஜூலை 20 அன்று நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. 22ஆம் தேதி விடிவதற்கு முன் அதே ராணுவம் காலி முகத்திடல் போராட்டக் களத்துக்குள் புகுந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தது. வடக்கில் இருந்த தமிழர்கள் பலர் அரகலய என்ற இந்தப் போராட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார்கள் என்று தெற்கில் அப்போது வருத்தப்பட்டவர்கள் உண்டு. அந்த ராணுவத்தைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பழைய பாடத்தை ஆள்பவர்களும் படிக்கிறார்கள்

புரட்சிகளைப் படிப்பதில் ஒரு வினோதம் உண்டு. வானிலையைப் படித்தால் மழை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. இங்கே அப்படியில்லை. ஏணி எங்கே உடையும் என்று போராடுபவர்கள் கற்கும்போதே எங்கே முட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஆள்பவர்களும் கற்கிறார்கள்.

பெய்ஜிங்கில் 1989 மே 20 அன்று, தியானன்மென் சதுக்க மாணவர் போராட்டத்தை அடக்க ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது, நகரத்துக்குள் வந்த படை வண்டிகளைச் சாதாரண மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், எங்களையா சுடப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். படைகள் பின்வாங்கின. 38ஆம் படையின் தளபதி ஷு ச்சின்சியன் இந்த வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார். பெட்ரோகிராட் மறுபடி நடக்கப்போகிறது என்று தோன்றியிருக்கும். நடக்கவில்லை. அவரைப் பிடித்து ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஐந்து ஆண்டு சிறை. அவர் படை வேறு தலைமையில் போனது. வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல படைகள் ஒரே நேரத்தில் வரவழைக்கப்பட்டன. ஜூன் 3 இரவும் 4ஆம் தேதியும் படைகள் மக்களைச் சுட்டுத் தள்ளியது தெரிந்ததே. சோவியத் ஒன்றியம் எப்படி உடைந்தது என்பதைச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி அதற்குப் பிறகு தன் ஊழியர்களுக்குப் பாடமாகவே வைத்தது.

இதே காரணத்தால்தான் புள்ளிவிவர விதிகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்ட இயக்கங்களைத் தொகுத்தார்கள். வன்முறையற்றவற்றில் 53 சதவீதம் வென்றன, ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம்தான் வென்றன. மிக முக்கியமான கண்டுபிடிப்பு இது. ஆயுதம் இல்லாத கூட்டத்தில் பெண்களும் முதியவர்களும் சேர முடியும். சிப்பாய்க்குத் தெரிந்த முகம் கூட்டத்தில் இருக்கும், அவன் விரல் தயங்கும். மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் தெருவில் இறங்கினால் எந்த அரசும் தாங்காது என்ற பேச்சும் இந்த ஆய்விலிருந்தே பரவியது. ஆனால் 2011இல் பஹ்ரைனில் அந்த அளவைத் தாண்டிக் கூட்டம் வந்தது, ஆட்சி விழவில்லை. அங்கே பாதுகாப்புப் படையில் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் நிறைய. மார்ச் 14 அன்று சவூதிப் படைகளும் பாலத்தைக் கடந்து வந்தன. சிப்பாய்க்குக் கூட்டத்தில் தெரிந்த முகமே இல்லை. 2010க்குப் பிறகு வன்முறையற்ற இயக்கங்களின் வெற்றி விகிதம் பெரிதும் குறைந்துவிட்டது என்பதைச் செனோவெத்தே பிறகு எழுதினார். கூட்டம் சேருவது கூடியிருக்கிறது, வெல்வது குறைந்திருக்கிறது.

கூட்டம் வேறு, அமைப்பு வேறு

இதற்குப் படித்துத் தேறிய அரசுகள் ஒரு காரணம். கூட்டம் சேரும் விதம் இன்னொன்று.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். 381 நாள். வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தினமும் மாற்று வண்டி வேண்டும். கார் வைத்திருப்பவர்களைச் சேர்த்து, ஏறும் இடம், இறங்கும் இடம், பெட்ரோல் செலவு, நன்கொடை எல்லாவற்றையும் தேவாலயக் கூடங்களில் உட்கார்ந்து ஒழுங்கு செய்தார்கள். அந்த ஓராண்டில் பேருந்து இருக்கையின் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து முடிவெடுக்கப் பழகினார்கள். இன்று ஒரு லட்சம் பேரைத் திரட்ட நான்கு நாள் போதும். அந்த நான்கு நாளில் இந்தப் பழக்கம் வராது. அதனால் அன்றைய ஒரு லட்சமும் இன்றைய ஒரு லட்சமும் வெளியில் ஒன்றாகத் தெரிந்தாலும் வலுவில் ஒன்றல்ல.

துனிசியா, எகிப்து எழுச்சிகளை ஃபேஸ்புக் புரட்சி என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெயர் எனக்கு அன்றும் ஒட்டவில்லை. எகிப்தில் 2011 ஜனவரி 28 அன்று அரசு இணையத்தையே அணைத்தது. அன்றுதான் அதுவரை இல்லாத அளவுக்குக் கூட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்க்க வழியில்லாதவர்கள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கீழே இறங்கினார்கள். துனிசியாவில் 2010 டிசம்பர் 17 அன்று முகமது பூஅசீசி தீக்குளித்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரிலும் ஒரு தெரு வியாபாரி அப்படிச் செய்திருந்தார், நாடு அசையவில்லை. இரண்டாவது முறை அசைந்ததற்குச் செல்பேசிப் படங்கள் ஒரு காரணம் என்றால், தொழிற்சங்கக் கூட்டமைப்பின் உள்ளூர்க் கிளைகள் செய்தியைச் சுமந்து ஊர் ஊராக வேலைநிறுத்தம் நடத்தியது இன்னொன்று. பின்னாளில் துனிசியாவில் கட்சிகள் மோதிக்கொண்டு நின்றபோது அவர்களை ஒரு மேசைக்கு இழுத்துவந்ததும் அதே தொழிற்சங்கமும் அதன் கூட்டாளிகளும்தான்; 2015 அமைதி நோபல் அந்த நால்வர் அணிக்குப் போனது. அதுவும் நிரந்தரக் காப்பாக அமையவில்லை. 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார்.

ஆட்சி விழுந்த மறுநாள் நாற்காலி காலியாக இருக்கும். அதில் தகுதியானவர் உட்காருவார் என்று நம்ப எந்த வரலாறும் இடம் தரவில்லை. கிளை, செயலாளர், உறுப்பினர் பட்டியல், சந்தா வைத்திருப்பவர்கள்தான் முதலில் உட்காருகிறார்கள். எகிப்தில் ராணுவத்துக்கு வெளியே அப்படி இருந்தது முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு. ஈரானில் மசூதிகள். அங்கே 1979 மார்ச் 8 அன்று, ஷா போய் இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், கட்டாய ஹிஜாபுக்கு எதிராகப் பெண்கள் தெஹ்ரான் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் நிற்க எந்தப் பெரிய அமைப்பும் முன்வரவில்லை. இடதுசாரிகளில் பலர்கூட இது இப்போதைய பிரச்சினை இல்லை என்று ஒதுங்கினார்கள். இலங்கையில் 2019 அதிபர் தேர்தலில் 3 சதவீதம் சொச்சம் வாக்கு வாங்கிய அநுர குமார திசாநாயக்க 2024இல் அதிபரானார். கோபத்தை உண்டாக்கியது அரகலய. அந்தக் கோபம் வாக்குச்சாவடி போகும்வரை இரண்டு ஆண்டு தாங்கிப் பிடிக்கத் தொழிற்சங்கமும் ஊர்க் கிளைகளும் உள்ள பழைய கட்சி ஒன்று தேவைப்பட்டது.

தப்பான முன்னுதாரணம்

கடந்த காலத்தை அதிகம் படித்தவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் பிரெஞ்சுப் புரட்சியை வரிவரியாகப் படித்தவர்கள். அதன் கடைசி அத்தியாயம் அவர்களுக்கு மனப்பாடம்: புரட்சியின் படைத்தளபதி நெப்போலியன் புரட்சியை விழுங்கினான். எனவே தங்களுக்குள் ஒரு நெப்போலியன் முளைக்கிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். செம்படையை உருவாக்கியவர், மேடையில் முழங்குபவர், கூட்டத்தை வசியப்படுத்துபவர் என்று எல்லா அடையாளமும் ட்ராட்ஸ்கிக்குப் பொருந்தின. 1925 ஜனவரியில் அவரை ராணுவப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். ஆபத்து கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருந்தது. பொதுச் செயலாளர் ஸ்டாலினுக்கு ஒப்பாகப் பிரெஞ்சுப் புரட்சியில் ஆள் இல்லை, அதனால் அவர் யார் கண்ணிலும் படவில்லை.

2011இல் இதே தவறு வேறு மாதிரி நடந்தது. கெய்ரோவைப் பார்த்தவர்கள் பெர்லின் சுவர் விழுந்த 1989ஐ நினைத்துக்கொண்டார்கள். 1848ஐ நினைத்திருந்தால் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் பலெர்மோவில் தொடங்கிய எழுச்சி பாரிஸ், வியன்னா, பெர்லின் என்று சில வாரத்தில் ஐரோப்பாவில் பாதியைப் பற்றிக்கொண்டது. 1849 முடியும்போது ஏறக்குறைய எல்லா இடத்திலும் பழைய அரசர்கள் திரும்பியிருந்தார்கள். முழுத் தோல்வி என்றுதான் அன்று எழுதினார்கள். ஆனால் ஆஸ்திரியப் பேரரசில் விவசாயிகளை நிலப்பிரபுக்களுக்குக் கட்டிப்போட்ட கட்டாய உழைப்பு 1848 செப்டம்பரில் ஒழிக்கப்பட்டது. மன்னராட்சி திரும்பியபோதும் அது திரும்பவில்லை. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை 1848 ஏப்ரலில் ஒழிக்கப்பட்டதும் நிலைத்தது. வென்ற புரட்சிக்கும் கணக்கு இப்படிக் கோணலாகவே வரும். அடிமைகளே எழுந்து 1804இல் விடுதலை பெற்ற ஹைத்தியிடம் 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. தொகை பின்னர் குறைக்கப்பட்டாலும், அதைக் கட்ட வாங்கிய கடன் 1947 வரை இழுத்தது.

பிரெஞ்சுப் புரட்சியின் விளைவு என்ன என்று கேட்டதற்கு, சொல்ல இன்னும் காலம் வரவில்லை என்று 1972இல் சீனப் பிரதமர் சூ என்லாய் பதில் சொன்னதாக ஒரு கதை பல மேடைகளில் உலவுகிறது. அவர் குறிப்பிட்டது நான்கு ஆண்டுக்கு முந்தைய 1968 பாரிஸ் மாணவர் எழுச்சியை என்று அப்போது உடனிருந்த அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் பிறகு தெளிவுபடுத்தினார். நல்ல கதை கெட்டுப்போனதில் பலருக்கு வருத்தம்.

மறுபடி அந்தப் படைவீட்டுக்கு வருகிறேன். பெய்ஜிங்கில் தளபதி ஷு மறுத்தார், கட்டளை அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பெட்ரோகிராடில் ஒரு சார்ஜென்ட் மறுத்தார், பேரரசு விழுந்தது. துணிச்சலில் இருவருக்கும் வித்தியாசம் சொல்ல மாட்டேன். ஆனால் மார்ச் 12 காலையில் கேப்டன் விழுந்த பிறகு கிர்பிச்னிகோவின் ஆட்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: தனியாக இருந்தால் மாலைக்குள் தூக்கு. அதனால் அவர்கள் அரண்மனைக்கும் போகவில்லை, கூட்டம் இருந்த சதுக்கத்துக்கும் போகவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முதலில் போனது பக்கத்தில் இருந்த பிரியோபிரஜென்ஸ்கி, லிதுவேனியப் படைப்பிரிவுகளின் படைவீடுகளுக்கு, அங்கிருந்த சிப்பாய்களையும் கூப்பிட.